அறுபது உவாற்றுக் கணக்கு: பயோனியர் கலங்களின் விலகலும் கரும்பொருளும் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடற்கரை ரயில் பாதைக்கும் இடைப்பட்ட ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டின் மேல்மாடிக் கூடத்தில் சனிக்கிழமை மாலைகளில் உயர்தர மாணவர்களுக்கான அறிவியல் வட்டம் ஒன்றை நடத்தி வருகிறோம். அது ரியூசன் வகுப்பு அல்ல. பரீட்சை வினாத்தாளை அங்கே விரிக்கக் கூடாது என்பதே அதன் ஒரே விதி. நான் ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியன். என்னுடன் பொறியியல் பீடத்தில் படிக்கும் பழைய மாணவர் ஒருவர் உதவிக்கு வருகிறார்.

சென்ற ஆண்டு மாசி மாதத்தில், ஆண்டு 12 இல் கற்கும் ஒரு மாணவியும் ஒரு மாணவனும் பாடசாலைகளுக்கிடையிலான ஆய்வுப் போட்டி ஒன்றுக்கான முன்மொழிவை எடுத்து வந்தனர். ‘ஞாயிற்றுத் தொகுதிக்குள் கரும்பொருள்: பயோனியர் விண்கலங்கள் தரும் சான்று’ என்பது தலைப்பு. கரும்பொருள் என்பது ஒளியை வெளிவிடாமல், ஈர்ப்பால் மட்டும் தன்னைக் காட்டிக்கொள்ளும் பொருள்; பயோனியர் 10, 11 என்பவை நாசா 1970களில் வெளிக்கோள்களை நோக்கி அனுப்பிய கலங்கள். ஆய்வு தொடங்கும் முன்பே முடிவு தலைப்பில் ஏறியிருந்தது. அதைவிட எனக்குச் சங்கடம் தந்தது அவர்கள் கையிலிருந்த நிழற்பிரதி. அது 2006 இல் ஒரு பாடசாலையின் அறிவியல் மலருக்கு நானே எழுதிய கட்டுரை. பயோனியர் கலங்கள் கணக்குக்கு அடங்காமல் நடந்துகொள்வதை அதில் விவரித்து, கடைசிப் பந்தியில் ‘இது கரும்பொருளின் வேலையாகவும் இருக்கலாம்’ என்று முடித்திருந்தேன். 2006 இல் அந்தச் சிக்கல் தீராமல் இருந்தது உண்மையே. ஆனால் அந்தக் கடைசி வரியை எழுதியபோது நான் ஒரு வரிக் கணக்குக்கூடப் போட்டுப் பார்க்கவில்லை. சிக்கல் பின்னர் தீர்ந்ததை அறிந்த பிறகும் கட்டுரையைத் திருத்த நான் முனையவில்லை. பதினேழு ஆண்டுகளுக்கு மேல் அந்த வரி மலருக்குள் பத்திரமாக இருந்து, இரண்டு பிள்ளைகளின் ஆய்வுத் தலைப்பாக முளைத்து வந்து நின்றது.

கலங்களில் காணப்பட்டது

பயோனியர் 10 1972 மார்ச்சிலும் பயோனியர் 11 1973 ஏப்ரலிலும் ஏவப்பட்டன. முதலாவது 1973 டிசெம்பரில் வியாழனைக் கடந்தது. இரண்டாவது 1974 இல் வியாழனையும் 1979 இல் சனியையும் கடந்தது. அதன் பின்னர் இரண்டும் ஏறத்தாழ எதிரெதிர்த் திசைகளில் ஞாயிற்றுத் தொகுதியை விட்டு வெளியேறிக்கொண்டிருந்தன. புவியிலிருந்து அனுப்பப்படும் வானொலிச் சைகையைக் கலம் வாங்கித் திருப்பி அனுப்பும். திரும்பி வரும் சைகையின் மீடிறன் எவ்வளவு மாறியிருக்கிறது என்பதைக் கொண்டு, தொப்ளர் விளைவின்படி, கலத்தின் வேகம் கணிக்கப்படும். சூரியன், கோள்கள் ஆகியவற்றின் ஈர்ப்பையும் சூரிய ஒளியின் அமுக்கத்தையும் கணக்கில் சேர்த்த பின்னரும் ஒரு சிறு மிச்சம் தொடர்ந்து தென்பட்டது. கலங்கள் சூரியனை நோக்கிய திசையில், எதிர்பார்த்ததைவிடச் சற்றே கூடுதலாக இழுக்கப்படுவது போல் இருந்தது. ஜோன் அண்டர்சன், மைக்கேல் மார்ட்டின் நீட்டோ, சிலாவா துரிஷேவ் உள்ளிட்ட குழுவினர் 1998 இல் இதை வெளியிட்டனர். 2002 இல் வந்த விரிவான அறிக்கை அந்த மேலதிக ஆர்முடுகலை 8.74 × 10⁻¹⁰ மீற்றர்/செக்கன்² என்றும், வழு எல்லையை 1.33 × 10⁻¹⁰ என்றும் தந்தது.

இந்த எண்ணை மாணவர்கள் மனத்தில் ஏற்றிக்கொள்ளச் சற்று நேரம் எடுத்தது. ஆகவே ஓராண்டுக்கு அதைக் கணித்துப் பார்க்கச் சொன்னோம். செக்கனுக்கு 12 கிலோமீற்றர் வேகத்தில் ஓராண்டில் ஏறத்தாழ 38 கோடி கிலோமீற்றர் செல்லும் கலம், அந்த மிச்சத்தால் முதல் ஆண்டில் பின்தங்குவது ஏறக்குறைய 435 கிலோமீற்றர். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போகும் வீதித் தூரத்தைவிடச் சற்றே கூட. மீடிறனில் இது இன்னும் நுண்மையாகத் தெரிகிறது: 229 கோடி ஹேட்ஸ் மீடிறனுள்ள சைகையில், எட்டு ஆண்டுகளில் சேர்ந்த விலகல் ஒன்றரை ஹேட்ஸ் அளவுதான். இதைக் கண்டுபிடித்தவர்களின் பொறுமையை மதிக்காமல் இந்தக் கதையைச் சொல்லக் கூடாது என்பது என் எண்ணம்.

மாணவர்களின் வாதம்

அவர்களின் வாதம் ஒழுங்காகவே அமைந்திருந்தது. 1970களில் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் அந்திரமேடா விண்மீன் திரளின் சுழற்சியை அளந்தபோது, வெளிப்புற விண்மீன்கள் கண்ணுக்குத் தெரியும் திணிவு அனுமதிப்பதைவிட வேகமாகச் சுற்றுவதைக் கண்டனர். அங்கே மையத்தை நோக்கிய மேலதிக இழுவை. இங்கே சூரியனை நோக்கிய மேலதிக இழுவை. அங்கே காரணம் கரும்பொருள் என்றால் இங்கேயும் ஏன் அதுவாக இருக்கக் கூடாது? இதற்குத் துணையாக என் கட்டுரையிலிருந்தே ஒரு பொருத்தத்தையும் எடுத்திருந்தனர். ஒளியின் வேகத்தையும் அண்டம் விரியும் வீதத்தையும் பெருக்கினால் வரும் எண் ஏறத்தாழ 7 × 10⁻¹⁰ மீற்றர்/செக்கன்². பயோனியர் எண்ணுக்கு மிக அருகில். இவ்வளவு நெருக்கம் தற்செயலாக இருக்காது என்று நானே எழுதியிருந்தேன்.

மாணவன் வரலாற்றையும் துணைக்கு அழைத்தான். “யுரேனஸ் பிசகினதாலதானே சேர் நெப்டியூனைக் கண்டுபிடிச்சவை?” என்று கேட்டான். கேள்வி நியாயமானது. 1846 இல் பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே கணித்துச் சொன்ன இடத்துக்கு மிக அருகில் பேர்லினில் காலே நெப்டியூனைக் கண்டார். ஆனால் அதே லெவெரியே, புதன் கோளின் பாதை நகர்வில் நூறாண்டுக்கு 43 விகலை அளவில் எஞ்சிய பிசகுக்கும் காணாத கோள் ஒன்றையே காரணமாகச் சொன்னார். அந்தக் கோள் கிடைக்கவேயில்லை. 1915 இல் ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கொள்கைதான் அதை விளக்கியது. ஒரே மனிதர், ஒரே வகைப் பிசகு, இரு வேறு முடிவுகள். மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு, பிசகு அளக்கும் கருவியிலோ கலத்திலோ இருக்கலாம் என்பதை அன்று நான் சொல்லாமல் விட்டேன்.

முதல் முடிவும் அதன் காரணமும்

பயோனியர் பிசகு 2012 இல் விளக்கப்பட்டுவிட்டது என்பது எனக்குத் தெரியும். அன்றே சொல்லி, வேறு தலைப்பைத் தேடச் சொல்லியிருக்கலாம். உதவிக்கு வரும் பழைய மாணவர் அதைத்தான் விரும்பினார். போட்டிக்கு மூன்று மாதம்தான் இருக்கிறது, பிள்ளைகளை அலைக்கழிக்கக் கூடாது என்றார். நான் மறுத்தேன். விடையைச் சொன்னால் ஒரு பெரியவரின் வரியை இன்னொரு பெரியவரின் வரியால் மாற்றியதாகவே அது முடியும் என்று அஞ்சினேன். எனவே தலைப்பை அப்படியே விட்டு, மூன்று வாரத்துக்கு ஒரே கேள்வியைக் கொடுத்தோம்: அந்த இழுவைக்கு எவ்வளவு கரும்பொருள் வேண்டும், எங்கே வேண்டும், இருந்தால் அதை வேறு யார் உணர்வார்கள்? என் கட்டுரையின் கடைசி வரி ஊகம்தான், கணக்கு அல்ல என்பதை மட்டும் அன்றே ஒப்புக்கொண்டேன்.

கணக்கு

சூரியனின் அயலில் கரும்பொருளின் அடர்த்தி, பால்வீதியின் சுழற்சியிலிருந்து பெறப்பட்ட மதிப்பீடுகளின்படி, ஒரு கன சென்ரிமீற்றருக்கு 0.3 முதல் 0.4 கிகா இலத்திரன்வோல்ற்று (துணிக்கைகளின் திணிவைச் சொல்லவும் பயன்படும் சக்தி அலகு) அளவு. ஒரு ஐதரசன் அணுவின் திணிவில் பாதிக்கும் குறைவானதை ஒரு சீனிக்கட்டி அளவு இடத்தில் பரப்பிவிட்டது போல. மாணவி பெரிய எண்ணையே எடுத்து, சூரியனைச் சுற்றி 50 வானியல் அலகு (ஓர் அலகு என்பது புவிக்கும் சூரியனுக்கும் இடையிலான சராசரித் தூரம்) ஆரையுள்ள கோளத்துக்குள் இருக்கும் மொத்தத் திணிவைக் கணித்து, அதன் ஈர்ப்பைப் பெற்றாள். முதலில் வந்த விடை 10⁻²⁴ வரிசையில் இருந்தது. அடுத்த சனிக்கிழமை அவள் வந்தபோது கொப்பியில் ஒரு வரி சிவப்பு மையால் சுற்றப்பட்டிருந்தது; கன சென்ரிமீற்றரைக் கன மீற்றராக மாற்ற மறந்திருந்தாள். திருத்தியதும் விடை பத்து இலட்சம் மடங்கு கூடியது. அந்த அரை மணி நேரம் இருவர் முகத்திலும் இருந்த வெளிச்சத்தை நான் மறக்கவில்லை. இன்னொரு வழு கிடைத்தால் போதும் என்பது போலக் கொப்பியை மீண்டும் மீண்டும் புரட்டினார்கள்.

வழு வேறெதுவும் இருக்கவில்லை. 50 வானியல் அலகுக்குள் அடங்கும் கரும்பொருள் ஏறத்தாழ 1.2 × 10¹⁸ கிலோகிராம். சீரிஸ் என்ற குறுங்கோளின் திணிவில் எழுநூறில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் குறைவு. அது தரும் ஆர்முடுகல் 1.5 × 10⁻¹⁸ மீற்றர்/செக்கன்². பயோனியர் காட்டியது அதைப் போல் ஏறத்தாழ 59 கோடி மடங்கு.

“அப்ப சேர், கரும்பொருள் எண்டதே பொய்யா?” என்று மாணவன் கேட்டான். இந்தக் கேள்வியே முழு நிகழ்விலும் பயனுள்ள திருப்பமாக அமைந்தது. கரும்பொருள் இல்லை என்று இந்தக் கணக்குச் சொல்லவில்லை. சீரான அடர்த்தியுள்ள கோளத்தில் ஈர்ப்பு ஆரையுடன் நேர்விகிதத்தில் கூடும். ஆகவே அதே கணக்கை, எளிமைக்காக அடர்த்தி எங்கும் ஒன்றே எனக் கொண்டு, பால்வீதியின் மையம் வரையான ஏறத்தாழ 26,000 ஒளியாண்டுக்கு நீட்டச் சொன்னோம். விடை 5 × 10⁻¹¹ வந்தது. சூரியன் பால்வீதியைச் சுற்றிவரத் தேவைப்படும் ஆர்முடுகல் ஏறத்தாழ 2 × 10⁻¹⁰. அதில் நாலில் ஒரு பங்கு அந்த ஒன்றுமில்லாதது போன்ற அடர்த்தியிலிருந்தே வந்துவிடுகிறது. மையத்தை நோக்கிப் போகப் போக அடர்த்தி கூடும் என்பதைச் சேர்த்தால் பங்கு இன்னும் உயரும். வீட்டு முற்றத்தில் விழும் தூறல் ஒரு குடத்தை நிரப்பாது. அதே தூறல் மகாவலியின் நீரேந்துப் பரப்பு முழுவதும் விழுந்தால் ஆறு பெருகும். கரும்பொருள் விண்மீன் திரள்களை ஆட்டிவைப்பதற்கும் விண்கலத்தைத் தொடாமல் விடுவதற்கும் காரணம் ஒன்றுதான் என்பதை அவர்கள் தாங்களே எண்களில் கண்டார்கள்.

கோள்களின் சாட்சியம்

மாணவி எளிதில் விடுகிறவள் அல்ல. சூரியனைச் சுற்றிக் கரும்பொருள் சராசரியைவிடத் திரண்டு கிடந்தால் என்ன என்று கேட்டாள். அப்படியானால் எவ்வளவு திரண்டிருக்க வேண்டும் என்று பின்னோக்கிக் கணித்தோம். சனியின் சுற்றுப்பாதைக்குள் பயோனியர் அளவு இழுவையைத் தர நாலரைப் புவிகளின் திணிவு வேண்டும். 20 வானியல் அலகுக்குள் என்றால் இருபது புவிகள்.

இங்கேதான் ‘வேறு யார் உணர்வார்கள்’ என்ற கேள்வி வேலை செய்தது. ஈர்ப்பு ஆளைப் பார்த்து இழுப்பதில்லை. 241 கிலோகிராம் கலத்துக்கு என்ன ஆர்முடுகலோ, அதே இடத்தில் உள்ள கோளுக்கும் அதுவே. சனியைச் சுற்றிக்கொண்டிருந்த கசினி கலம் உட்படப் பல கலங்களின் அளவீடுகளால் கோள்களின் இருப்பிடங்கள் மிகத் துல்லியமாகத் தெரியும். ரஷ்ய வானியலாளர்களான எலேனா பித்யேவாவும் நிக்கொலாய் பித்யேவும் 2013 இல் இந்தத் தரவுகளைக் கொண்டு, சனியின் சுற்றுப்பாதைக்குள் கரும்பொருள் இருந்தால் அது சூரியத் திணிவின் 1.7 × 10⁻¹⁰ பங்கைத் தாண்டாது என எல்லை வகுத்தனர். அது சீரிஸின் திணிவில் பாதிக்கும் குறைவு. தேவையோ அதைப் போல் ஏறத்தாழ 80 ஆயிரம் மடங்கு.

சனிக்கு அப்பால் மட்டும் இருந்தால்? அப்போது யுரேனஸ் சொல்லும். வொயேஜர் 2 1989 இல் நெப்டியூனை நெருங்கிக் கடந்தபோது அதன் திணிவு திருத்தமாகக் கிடைத்தது. அதைப் பயன்படுத்தி 1993 இல் மைல்ஸ் ஸ்ரான்டிஷ் யுரேனஸின் பாதையில் எஞ்சியிருப்பதாகக் கருதப்பட்ட விலகல்கள் மறைந்துவிடுவதைக் காட்டினார். யுரேனஸையே விஞ்சும் இருபது புவித் திணிவை ஒளித்துவைக்க அங்கே இடமில்லை. மூன்றாம் வாரத்தின் முடிவில் மாணவியே தலைப்பை வெட்டினாள். ஆட்சியைப் பிடித்தது போல அல்ல, பல்லைப் பிடுங்கியது போல.

வெப்பம்

இதன் பின்னரே 2012 இன் விடையை அவர்கள் முன் வைத்தோம். அதையும் முடிந்தவரை கணக்காகவே கொடுத்தோம். கலத்தின் திணிவை அந்த ஆர்முடுகலால் பெருக்கினால் வரும் விசை 2.1 × 10⁻⁷ நியூற்றன். ஒளியும் வெப்பக் கதிர்ப்பும் உந்தத்தைக் காவுவதால், ஒரு பக்கமாக வெளியேறும் கதிர்ப்பு கலத்தை மறுபக்கம் தள்ளும். அந்தத் தள்ளலுக்குத் தேவையான வலுவைப் பெற விசையை ஒளியின் வேகத்தால் பெருக்க வேண்டும். விடை 63 உவாற்று.

மாணவன் தன் விடையைத் தானே நம்பாமல் இரண்டாம் முறை கணித்தான். உலகெங்கும் ஆய்வாளர்கள் புதிய பௌதிகவியலைத் தேடவைத்த புதிரின் அளவு, பழைய குண்டு மின்குமிழ் ஒன்றின் வலு. இழை மின்குமிழ்கள் இப்போது கடைகளில் அரிது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் தேடி 60 உவாற்று மின்குமிழ் ஒன்றை வாங்கி வந்தான். அதை மேசையில் வெறுமனே ஏற்றியபோது சுற்றிலும் ஒரே அளவு சூடு. சமையலறையிலிருந்து எவர்சில்வர் தட்டம் ஒன்றை எடுத்து மின்குமிழின் ஒரு பக்கத்தில் நிறுத்தியதும், தட்டத்துக்குப் பின்னே நீட்டிய கையில் சூடு இல்லை; முன்னே நீட்டிய கையில் கூடுதல். மாணவி ஒரு கையை முன்னும் ஒரு கையைப் பின்னும் வைத்துக்கொண்டு சிறிது நேரம் பேசாமல் நின்றாள். அந்தத் தட்டம்தான் பயோனியரின் அன்டெனா.

கலங்களின் மின்சாரம் புளுட்டோனியம்-238 இன் வெப்பத்திலிருந்து வந்தது. ஏவிய வேளையில் நான்கு மின்பிறப்பாக்கிகளும் சேர்ந்து வெளியிட்ட வெப்பம் ஏறத்தாழ 2,580 உவாற்று. மின்சாரமாக மாறியது ஏறத்தாழ 160 உவாற்றுத்தான். மின்பிறப்பாக்கிகள் நீண்ட கைகளின் நுனியில், உடலிலிருந்து மூன்று மீற்றர் அளவு தள்ளி இருந்தன. அவற்றின் வெப்பத்தில் ஒரு பகுதி 2.74 மீற்றர் விட்டமுள்ள அன்டெனாவின் முதுகில் பட்டுத் தெறித்துப் பின்னோக்கிப் போனது. கருவிகள் இருந்த பெட்டியின் வெப்பம் வெளியேறும் சாளரங்களும் புவிக்கு எதிர்ப்புறமாகவே திறந்தன. அன்டெனா எப்போதும் புவியைப் பார்த்திருக்க, அவ்வளவு தொலைவிலிருந்து பார்க்கையில் புவியும் சூரியனும் ஏறக்குறைய ஒரே திசையில் நிற்க, பின்னோக்கிப் போன வெப்பத்தின் பின்னுதைப்பு ‘சூரியனை நோக்கிய இழுவை’ ஆகத் தோன்றியது. மொத்த வெப்பத்தில் மூன்று சதவீதம் ஒரு பக்கம் சாய்ந்தாலே போதும்.

இதை முன்பே எவரும் நினைக்கவில்லையா என்று மாணவர்கள் கேட்டனர். நினைத்தார்கள். 1999 இலேயே ஜொனதன் காட்ஸும் எட்வேட் மேர்ஃபியும் வெப்பத்தையே சுட்டிக்காட்டினர். ஆனால் கண்டறிந்த குழுவினர் அது போதாது எனக் கருதினர், அதற்கு ஒரு காரணமும் இருந்தது: வெப்பம் என்றால் காலத்துடன் குறைய வேண்டும், விலகலோ மாறாமல் இருப்பதாகத் தெரிந்தது. புளுட்டோனியம்-238 இன் அரை ஆயுட்காலம் 87.7 ஆண்டுகள். மாணவி கணித்தபடி, பதினொரு ஆண்டில் வெப்பம் எட்டுச் சதவீதம்தான் குறையும். அன்றைய வழு எல்லையோ பதினைந்து சதவீதம். குறைவது தெரிய வேண்டுமானால் நீண்ட காலத் தரவு வேண்டும். பழைய காந்த நாடாக்களைத் தேடி எடுத்து, அவற்றின் வடிவங்களைப் படிக்க வழி செய்து, கலங்களின் வெப்பநிலைப் பதிவுகளையும் மீட்டெடுக்கத் துரிஷேவும் ஒட்டாவாவைச் சேர்ந்த மென்பொருளாளர் விக்டர் தோத்தும் பல ஆண்டுகள் உழைத்தனர். 2011 இல் விலகல் காலத்துடன் குறைவதாகத் தெரிந்தது. 2012 இல் அவர்கள் குழு வெளியிட்ட வெப்ப மாதிரி விலகலின் ஏறத்தாழ 80 சதவீதத்தை விளக்கியது. எஞ்சியது வழு எல்லைகளுக்குள் அடங்கியது. ஜேர்மனியின் பிரேமனிலும் போர்த்துக்கலிலும் தனித்தனியே இயங்கிய குழுக்களும் அதே முடிவுக்கு வந்தன. போர்த்துக்கல் குழு, கணினி வரைகலையில் பொருட்களின் மேற்பரப்பில் ஒளி தெறிப்பதைக் காட்டப் பயன்படும் நுட்பத்தைக் கடன் வாங்கி வெப்பத் தெறிப்பைக் கணித்தது. கணினி விளையாட்டில் மூழ்கிக் கிடக்கும் எங்கள் மாணவனுக்கு முழுக் கதையிலும் மிகப் பிடித்த இடம் இதுதான்.

புவியை நெருங்கிச் சென்ற கலங்கள்

வேகம் கூட்டிக்கொள்வதற்காகப் புவியை நெருங்கிக் கடந்த சில கலங்களிலும் சிறு பிசகுகள் பதிவாகியுள்ளன. 1990 டிசெம்பரில் 960 கிலோமீற்றர் உயரத்தில் கடந்த கலிலியோ செக்கனுக்கு 3.92 மில்லிமீற்றரும், 1998 ஜனவரியில் 539 கிலோமீற்றரில் கடந்த நியர் 13.46 மில்லிமீற்றரும் கூடுதல் வேகம் பெற்றதாகத் தெரிந்தது. ரொசெற்றாவில் 2005 இல் 1.8 மில்லிமீற்றர் தெரிந்தது. 2007 இலும் 2009 இலும் எதுவுமில்லை. 2013 ஒக்ரோபரில் ஜூனோ கடந்தபோதும் எதுவும் தெரியவில்லை. இந்தப் பிசகுக்கு எல்லாரும் ஏற்கும் விளக்கம் இன்னும் வரவில்லை.

இங்கே கரும்பொருளை அக்கறையுடன் ஆராய்ந்தவர் அமெரிக்கப் பௌதிகவியலாளர் ஸ்ரீவன் அட்லர். புவியைச் சுற்றிக் கரும்பொருள் உறை ஒன்று இருந்தால் என்ன ஆகும் என்று 2009 அளவில் விரிவாகக் கணித்தார். அவர் உறையின் ஈர்ப்பை மட்டும் நம்பவில்லை என்பது கவனிக்க வேண்டியது. அசையாத, சமச்சீரான உறை உள்ளே வரும் கலத்துக்குக் கொடுக்கும் வேகத்தை வெளியேறும்போது அப்படியே பறித்துவிடும். குழிக்குள் உருண்டு இறங்கிய பந்து மறுகரையில் ஏறுவது போல. ஆகவே கலத்தின் அணுக்களுடன் கரும்பொருள் துணிக்கைகள் மோதிச் சிதறுவதாக, அதுவும் இரு வகைத் துணிக்கைகளாக, அவர் கொள்ள வேண்டியிருந்தது. புவியை அளக்கும் லஜியோஸ் செயற்கைக்கோளின் பாதைக்கும் சந்திரனின் பாதைக்கும் இடையில் கரும்பொருள் இருந்தால் அது புவித் திணிவின் 4 × 10⁻⁹ பங்கைத் தாண்டாது என்று எல்லை வகுத்தவரும் அவரே. கருதுகோளைச் சொன்னவரே அதற்கு வேலியும் போட்டதை மாணவர்களுக்கு எடுத்துக்காட்டினேன். இந்தப் பகுதியை அறிக்கையில் ஒரு பக்கத்துக்குள், தீராத வினாவாக மட்டும் சேர்ப்பது என முடிவு செய்தோம். வேகக் கூடுதல் கலத்துக்குக் கலம் வருவதும் வராமல் விடுவதுமாக இருக்கையில் அதன்மேல் எதையும் கட்டுவது சரியல்ல என்பது காரணம்.

பின்னர் நடந்தவை

மாணவன் ஐந்தாம் வாரத்தில் ஆய்விலிருந்து விலகினான். ‘இல்லை’ என்ற விடைக்குப் பரிசு வராது என்று வீட்டில் சொன்னதாகச் சொன்னான். நீர் வடிகட்டி ஒன்றைச் செய்யும் வேறொரு குழுவில் சேர்ந்தான். அவனைத் தடுக்கவில்லை. மாணவி ‘பயோனியர் விலகலைக் கரும்பொருளால் விளக்க முடியுமா? ஓர் அளவறி பரிசோதனை’ என்ற தலைப்பில் அறிக்கையை முடித்து, மின்குமிழையும் தட்டத்தையும் காட்சிக்கு வைத்தாள்.

நடுவர்களில் ஒருவர், விடை ஏற்கெனவே தெரிந்த, அதுவும் எதிர்மறையான ஒன்றை ஏன் ஆய்வு என்கிறீர்கள் என்று கேட்டார். மாணவி பதிலாக 59 கோடி என்ற எண்ணையும் 63 உவாற்றையும் அடுத்தடுத்து எழுதிக் காட்டி, முதலாவது ஏன் முடியாது என்பதற்கும் இரண்டாவது எப்படிப் போதும் என்பதற்கும் தன் கணக்குகளை விளக்கினாள். பரிசு கிடைக்கவில்லை; பங்குபற்றியதற்கான சான்றிதழ் கிடைத்தது. நீர் வடிகட்டிக்கு மூன்றாமிடம். மாணவன் அதைச் சொல்ல வந்த சனிக்கிழமை, ஜூனோவில் ஏன் எதுவும் தெரியவில்லை என்று கேட்டுவிட்டு இரண்டு மணி நேரம் இருந்து போனான்.

மறுமுறை செய்வதானால்

மூன்று வாரம் விடையை மறைத்து வைத்தது சரியா என்பதில் எனக்கு இன்னும் முழுத் தெளிவில்லை. மாணவிக்கு அது நன்மை செய்தது. மாணவனுக்கு, பெரியவர்கள் தெரிந்துகொண்டே தன்னை ஓடவிட்டார்கள் என்ற உறுத்தல் இருந்ததைப் பிற்பாடு அறிந்தேன். அடுத்த முறை, ‘இதற்கு வெளியான விடை ஒன்று உண்டு, நீங்கள் உங்கள் கணக்கை முடித்த பின் அதைப் படிப்போம்’ என்று முதல் நாளே சொல்லிவிடுவேன். பிசகு கலத்திலேயே இருக்கலாம் என்ற மூன்றாம் வழியையும் முதல் நாளே சொல்வேன். லெவெரியேயின் இரு கதைகளோடு நிறுத்தியது என் தவறு. அலகு மாற்றங்களை ஒருவர் செய்ய மற்றவர் சரிபார்க்கும் வழக்கத்தை இப்போது வட்டத்தில் எல்லாக் கணக்குகளுக்கும் கொண்டுவந்துவிட்டோம்.

2006 மலரைப் பொறுத்தவரை, நூலகங்களிலும் பழைய ஆசிரியர்களின் அலுமாரிகளிலுமாகப் பதினொரு பிரதிகளைத் தேடிப் பிடித்தோம். கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் ஒட்டுவதற்கு, மாணவியின் இரு எண்களையும் 2012 இன் முடிவையும் சேர்த்து அரைப் பக்கத் திருத்தம் ஒன்றை நான் எழுதி அச்சடித்தேன். ஒட்டுவதற்கு உதவ வந்த மாணவன் முதல் தாளைப் படித்துவிட்டுப் பசைப் போத்தலை மூடினான். ஆர்முடுகலின் அலகில் செக்கனுக்கு மேலிருக்க வேண்டிய 2 விடுபட்டிருந்தது. பதினொன்றையும் மறுபடி அச்சடித்து, அடுத்த சனிக்கிழமை ஒட்டினோம்.